பழைய எம்ஜிபியின் கிரில்லைக் கழற்றி மறுபடி குரோம் பூசுவது பற்றி

நீங்கள் கேட்டது இது: நாட்டிங்காமில் இருக்கிறீர்கள், 1967-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (எம்ஜி நிறுவனத்தின் திறந்த ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று கைக்கு வந்திருக்கிறது. முன்பக்க கிரில்லின் குரோம் கொப்பளித்து அங்கங்கே உரிந்திருக்கிறது, கீழ் விளிம்பில் துரு. அதைச் சேதமில்லாமல் கழற்றுவது எப்படி, வீட்டிலேயே குரோம் பூச முடியுமா, இல்லை புது கிரில் வாங்கிப் போட்டுவிடலாமா? மூன்று கேள்வியாக எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று படுகிறது: இந்தப் பழைய உலோகத்தைக் காப்பாற்றுவது பிரயோஜனமான வேலையா? பெரும்பாலும் ஆமாம் என்பேன். ஆனால் அதற்கு முன் சிலவற்றைப் பார்த்தாக வேண்டும்.

நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) மின்வேதிப் பொறியியல் படித்தவன். அப்புறம் 19 வருடம் இங்கே இங்கிலாந்தின் வெஸ்ட் மிட்லண்ட்ஸ் பகுதியில் பிளேட்டிங் (மின்முலாம் பூசும்) பட்டறைகளில் வேலை. அதில் பாதிக்கு மேல் பழைய கார், மோட்டார் சைக்கிள் பாகங்கள்தான். தொட்டிக்குள் நடப்பதைப் பற்றி உறுதியாகப் பேசுவேன். பாடி வேலை என் துறை இல்லை. கழற்றுவது பற்றிச் சொல்லப்போவது நானே கழற்றிய சில வண்டிகளை வைத்து மட்டும்.

முதலில் ஒன்றைச் சரிபாருங்கள்: மாட்டியிருப்பது 1967-க்கு உரிய கிரில்தானா? 1962-இல் எம்ஜிபி வந்தபோது இருந்தது செங்குத்துப் பட்டைகள் கொண்ட பளபளப்பான கிரில். 1969 இலையுதிர் காலத்தில் அதை எடுத்துவிட்டு உள்ளே தள்ளி அமைந்த கறுப்பு கிரில்லைக் கொண்டுவந்தார்கள். பலருக்கும் அது பிடிக்கவில்லை. 1972 கடைசியில் குரோம் சட்டம் திரும்பி வந்தது, ஆனால் நடுவில் தேன்கூடு மாதிரிக் கறுப்பு வலை. 1974-இல் ரப்பர் பம்பர் வந்ததோடு அதுவும் போயிற்று. இத்தனை வருடத்தில் யாராவது மாற்றி மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அசல் இல்லாத ஒன்றைக் காசு கொட்டி மீட்டெடுத்துவிட்டு அப்புறம் வருத்தப்பட வேண்டாம்.

அடுத்து, எல்லாத் துருவும் மறுபூச்சு கேட்காது. அலுமினியத் தாளை நாலாக மடித்து, தண்ணீரில் நனைத்து, துருப் புள்ளிகள் மேல் மெதுவாகத் தேயுங்கள். அலுமினியம் குரோமை விட மிருதுவானது, கீறாது. பழுப்புச் சாறு கசிந்து துரு போய்விடும். துடைத்துவிட்டு ஒரு லென்ஸ் வழியாகப் பாருங்கள். ஊசி முனை அளவு புள்ளிகள் மட்டும்தான் தெரிகின்றன என்றால் மெழுகு போட்டு இன்னும் பல வருடம் ஓட்டலாம். நகத்தால் நெருடினால் விளிம்பு தூக்குகிறது, கொப்புளத்துக்கு அடியில் பொருபொருவென்று இருக்கிறது என்றால் அந்த இடத்தில் செய்வதற்கு ஒன்றுமில்லை, முழுவதும் உரித்துத்தான் ஆக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் கிரில்லின் கீழ் விளிம்பு இந்த இரண்டாவது வகை.

கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே போல்ட்டுகளுக்கு எண்ணெய் விடத் தொடங்குங்கள், காலையும் மாலையும் கொஞ்சம். பானெட்டைத் திறந்தால் மேல் பிடிமானங்கள் கண்ணில் படும். கீழே உள்ளவற்றை அடியில் படுத்துக்கொண்டுதான் எட்ட முடியும். பிடிவாதம் செய்வது எப்போதும் கீழேதான், ஏனென்றால் சாலையிலிருந்து தெறிக்கும் உப்புத் தண்ணீர் நேராக அங்கே போகிறது. இந்த வண்டியின் மரைகள் யுஎன்எஃப் என்ற அங்குலக் கணக்கு அளவு. கால் அங்குல போல்ட்டின் தலைக்கு 7/16 அங்குல ஸ்பேனர் வேண்டும். அது 11.11 மி.மீ., அதனால் 11 நுழையாது, 12 நுழையும். அந்தப் 12-ஐ மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் துருப்பிடித்த தலையின் மூலைகள் மழுங்கிவிடும், அதற்குப் பிறகு அறுப்பதைத் தவிர வழி கிடையாது. சரியான அங்குல ஸ்பேனர் இல்லாமல் தொடங்காதீர்கள்.

கூண்டுக்குள் இருக்கும் நட்டு கூடவே சுற்றினால் பலம் காட்டாமல் நிறுத்திவிட்டு, பின்னால் இன்னொருவரைப் பிடிக்கச் சொல்லுங்கள். சுட வைக்கும் யோசனை வேண்டாம், பெயின்ட் ஒரு விரற்கடை தூரத்தில் இருக்கிறது. கிரில்லைச் சுற்றியுள்ள பெயின்ட் விளிம்புகளில் மாஸ்கிங் டேப் இரண்டு அடுக்கு ஒட்டுங்கள். உள்ளே ஆயில் கூலர் இருந்தால் அதற்கு முன்னால் ஒரு அட்டையைச் செருகிவையுங்கள். உங்கள் வருடத்து ரோட்ஸ்டரின் பானெட் அலுமினியம், அதன் மேல் முழங்கையை ஊன்றினால்கூடப் பள்ளம் விழும். கடைசிப் போல்ட்டை எடுக்கும்போது கிரில்லைப் பிடிக்க ஒரு ஆள் முன்னால் நிற்கட்டும். ஒவ்வொரு வாஷரையும் அதன் இடத்தோடு படம் எடுத்துவையுங்கள். திரும்ப மாட்டும்போது கிரில் கோணலாக உட்காருவதற்கு, காணாமல் போன ஒரு வாஷர் போதும்.

கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் என் வேலை தொடங்குகிறது. என்ன உலோகம் என்று தெரியாமல் எதையும் தொட்டிக்குள் போடக் கூடாது. ஒரு கிரில் என்பது ஒரே பொருள் இல்லை. சட்டம் ஒன்று, பட்டைகள் இன்னொன்று, நடுவில் சின்னம் பொருந்தும் கூடு மூன்றாவது என்று இருக்கலாம். பின்பக்கத்தில் காந்தத்தை வையுங்கள். டக்கென்று ஒட்டிக்கொண்டால் இரும்பு. ஒட்டாவிட்டால் பித்தளை, அலுமினியம், துத்தநாக வார்ப்பு இவற்றில் ஒன்று. லேசாக இழுக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் குழம்ப வேண்டாம். மேலே உள்ள நிக்கலுக்கும் காந்த ஈர்ப்பு உண்டு, பித்தளை மேல் கனமான நிக்கல் இருந்தால் அப்படித்தான் இழுக்கும். பின்னால் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு அரம் வைத்து மயிரிழை அளவு சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. வெள்ளையாக, கையில் எடுத்தால் காற்று மாதிரி இருந்தால் அலுமினியம். சாம்பல் நிறத்தில் கனமாக இருந்தால் துத்தநாக வார்ப்பு. இங்குள்ள பழைய ஆட்கள் அதை மசாக் என்பார்கள். பட்டைகள் அலுமினியம் என்று தெரிந்தால் அவற்றில் இருப்பது குரோமே இல்லாமல் போகலாம். மெருகேற்றி அனோடைஸ் (மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்திருப்பார்கள், அது முற்றிலும் வேறு வேலை.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஒன்றை உரிக்கும் மருந்து இன்னொன்றைத் தின்றுவிடும். இரும்பின் மேலுள்ள குரோமை உரிக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், துத்தநாகம் அதில் பொங்கிக் கரைந்துபோகும். காஸ்டிக் சோடாவில் அலுமினியத்தைப் போட்டாலும் அதே கதி. அதனால் கிரில்லைத் தனித்தனிப் பாகமாகப் பிரித்தே பட்டறைக்குக் கொடுங்கள். பட்டைகள் ரிவெட் அடித்திருந்தால் தலையை மட்டும் துளையிட்டு எடுங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் பின்னால் வரிசை எண்ணைக் கீறிக் குறித்துக்கொள்ளுங்கள், பேனாவால் எழுதினால் தொட்டியில் அழிந்துவிடும். சின்னம், ரப்பர், கிளிப் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். அதிலும் வில் எஃகு (ஸ்பிரிங் ஸ்டீல்) கிளிப்புகளை அமிலத்தில் போடவே கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து, வெளியே பார்க்க நன்றாக இருக்கும், மாட்டும்போது படக்கென்று உடையும்.

இப்போது குரோம் பற்றி. நீங்கள் கண்ணாடி மாதிரிப் பார்க்கும் அந்தப் பளபளப்பு குரோமுடையது இல்லை, நிக்கலுடையது. அலங்காரப் பூச்சில் குரோமின் தடிமன் ஏறத்தாழ 0.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). தலைமுடி ஒன்று 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அதில் இருநூறில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. அந்த மெல்லிய படலம் செய்வது இரண்டே காரியம்: நிக்கல் மங்காமல் காப்பது, லேசான நீலச் சாயல் தருவது. அடியில் நிக்கல் 30 மைக்ரான் அளவுக்கு இருந்தால்தான் வெளியில் ஓடும் வண்டிக்குத் தாங்கும். அதற்கும் அடியில் செம்பு. செம்பின் வேலை பள்ளங்களை நிரப்பி, பஃபிங் (சுழலும் சக்கரத்தில் தேய்த்து மெருகேற்றுவது) செய்ய ஒரு மிருதுவான பரப்பு தருவது. ‘இரண்டு கோட் குரோம் போடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அதில் உங்களுக்குப் பயன் எதுவும் இல்லை. நிக்கல் எத்தனை மைக்ரான் என்று கேளுங்கள்.

நிக்கலையும் இரண்டு அடுக்காகப் போடுவதுதான் நல்ல முறை. கீழே கந்தகம் கலக்காத அரைப்பளபளப்பு நிக்கல், மேலே கந்தகம் கலந்த பளபளப்பு நிக்கல். குரோமில் ஒரு விரிசல் வழியாக ஈரம் இறங்கினால் மேல் அடுக்குதான் முதலில் அரிபடும். அரிப்பு கீழே இரும்பை நோக்கித் துளைக்காமல் பக்கவாட்டில் பரவும். ஒற்றை அடுக்கில் ஊசித்துளை விழுந்தால் அரிப்பு நேராக இரும்பைத் தொடும். இரும்பை விட நிக்கல் அரிப்பைத் தாங்கும் உலோகம், அதனால் அரிப்பு முழுவதும் அந்தச் சின்னத் துளைக்குள் குவியும். உங்கள் கீழ் விளிம்பில் கொப்புளம் எழுந்தது அநேகமாக இப்படித்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு கிரில் சட்டத்துக்கு ஆகும் நேரத்தில் பெரும்பகுதி பஃபிங் சக்கரத்தின் முன்னால்தான் போகும். தொட்டியில் குரோம் ஏறுவது சில நிமிடம். உரித்து, நசுங்கிய இடங்களைப் பின்னாலிருந்து தட்டி நிமிர்த்தி, குழிகளை வெள்ளிச் சாலிடர் அல்லது வெல்டிங்கால் நிரப்பி, செம்பு ஏற்றி, தேய்த்து, மறுபடி செம்பு ஏற்றி, மறுபடி தேய்த்து என்று போகும். பாடி ஃபில்லர் உதவாது, அதில் மின்சாரம் ஓடாது, பூச்சும் பிடிக்காது. செம்பு நிலையில் இருக்கும்போது ஒருமுறை போய்ப் பார்க்கிறேன் என்று கேளுங்கள். ரோஜா நிறத்தில் இருக்கும் அந்தச் சட்டத்தை டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால் விளக்கின் பிரதிபலிப்பு நேர்கோடாக ஓட வேண்டும். எங்கே கோடு நெளிகிறதோ அங்கே பள்ளம் இருக்கிறது. அந்த நெளிவு குரோம் ஏறிய பிறகும் அப்படியே தெரியும், இன்னும் துலக்கமாகத் தெரியும். நல்ல பட்டறைக்காரர் இதைத் தொந்தரவாக நினைக்க மாட்டார்.

அளவுக்கு மீறித் தேய்ப்பதும் ஒரு ஆபத்து. அசலில் கூர்மையாக இருந்த விளிம்பு சோப்புக்கட்டி மாதிரி உருண்டுவிடும், திருகுத் துளைகள் ஒரு பக்கம் நீண்டுவிடும். ‘விளிம்புகளைக் காப்பாற்றுங்கள், சின்னச் சின்னக் குழி இருந்தால் பரவாயில்லை’ என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் கையால் நடந்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், மடித்த விளிம்பு கொண்ட ஒரு இரும்புச் சட்டத்தை உரித்துப் பூசிக் கொடுத்தேன். ஒரு பெரியவருடைய வண்டி, பார்த்துவிட்டு மகிழ்ச்சியாக எடுத்துப் போனார். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். மடிப்பின் கீழே, அழுத கண்ணிலிருந்து வடிந்த மாதிரிப் பழுப்புக் கோடுகள். மடிப்புக்குள் தங்கிய அமிலத்தை நான் முழுவதும் கழுவி எடுக்கவில்லை. மறுபடி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு மடிப்புள்ள எதையும் காரக் கரைசலில் முக்கி, மாறிமாறிச் சுடுதண்ணீரிலும் குளிர்ந்த தண்ணீரிலும் அலசி, தலைகீழாகத் தொங்கவிட்டு, மறுநாள் வெள்ளைத் தாள் ஒற்றிப் பார்க்காமல் நான் விட்டதில்லை. உங்கள் பட்டறையில் மடிப்புகளை எப்படி அலசுவார்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.

வீட்டில் பூசலாமா என்ற கேள்விக்கு என் பதில் நேரடியானது: குரோம் வேண்டாம். வழக்கமான குரோம் தொட்டியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். அது புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் எந்தச் சந்தேகமும் கிடையாது. பூசும்போது எழும் குமிழிகள் அதை மெல்லிய தூவானமாகக் காற்றில் ஏற்றுகின்றன. பட்டறையில் அதற்கென்று உறிஞ்சு குழாய்கள், தொட்டியில் நுரைத் தடுப்பு, ஆட்களுக்கு மருத்துவப் பரிசோதனை எல்லாம் இருக்கும், கார் ஷெட்டில் இருக்காது. பலர் கவனிக்காத இன்னொன்று: காஸ்டிக் சோடாவில் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துக் குரோமை உரித்தால், அந்தக் கரைசல் மஞ்சளாக மாறும். அந்த மஞ்சளும் அதே நஞ்சுதான். சாக்கடையில் ஊற்றக் கூடாது. குரோம் பரப்பை கிரைண்டர் வைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். போல்ட், வாஷர் மாதிரிச் சின்னவற்றுக்குத் துத்தநாகப் பூச்சுப் பெட்டி வாங்கி வீட்டில் செய்து பழகுவதில் தப்பில்லை. கையுறை, கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் இருக்க வேண்டும்.

2017 செப்டம்பரிலிருந்து ஐரோப்பாவில் தனி அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத்தைப் பயன்படுத்த முடியாது. அதற்குப் பிறகு மூன்று இணைதிறன் குரோம் வேகமாகப் பரவியிருக்கிறது. தொழிலாளிக்கு அது எவ்வளவோ நல்லது. நிறம் சற்று அடர்ந்தோ, மஞ்சள் சாயலோடோ வரலாம். பக்கத்தில் பழைய பம்பரும் விளக்கு வளையமும் இருக்கும்போது கண்ணுக்கு வித்தியாசம் தெரியுமா என்பது கரைசலையும் பார்ப்பவரையும் பொறுத்தது. புதுக் கரைசல்களில் நிறம் மிகவும் நெருங்கிவிட்டது. இரண்டில் எது நீண்ட நாள் உழைக்கும் என்பதில் எங்கள் ஆட்களுக்குள்ளேயே ஒரே கருத்து கிடையாது. என் அனுபவத்தில் ஆயுளைத் தீர்மானித்தது அடியிலுள்ள நிக்கல்தான். எந்த முறையாக இருந்தாலும் கிரில், பம்பர், விளக்கு வளையம் எல்லாவற்றையும் ஒரே பட்டறையில் கொடுத்துவிட்டால் நிறப் பிரச்சினை எழாது.

‘ஸ்பிரே குரோம்’ என்று விற்பது குரோமே இல்லை. பரப்பில் வெள்ளியைக் கண்ணாடிக்கு ரசம் பூசுவது மாதிரிப் படிய வைத்து மேலே கிளியர் கோட் அடிப்பார்கள். பிளாஸ்டிக் பாகங்களுக்கு நல்ல வழி. கிரில் இருப்பதோ கல் தெறிக்கும் இடம், கிளியர் கோட் ஒருமுறை சில்லுப் பெயர்ந்தால் அங்கிருந்து கறுக்கத் தொடங்கும். உங்கள் வண்டிக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

புது கிரில் வாங்குவதா? எம்ஜிபிக்குப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த வண்டி, அதனால் சந்தை இருக்கிறது. மறுபூச்சுக்குக் கேட்கும் விலையை விடப் புதுசு மலிவாகவே கிடைக்கலாம். ஆனால் என்னிடம் வந்த மறுதயாரிப்புகளில் தகடு மெலிந்தவையும் நிக்கல் போதாதவையும் இருந்தன, நன்றாக இருந்தவையும் இருந்தன. பொருத்தம்தான் பெரிய தலைவலி. சட்டம் துருவேறி ஓட்டையாகாமல், மூலைகளில் வெடிக்காமல் இருந்தால் அசலை வைத்துக்கொள்ளுங்கள். பட்டைகள் வளைந்து நெளிந்திருந்தால் அவற்றை மட்டும் புதிதாக வாங்கி அசல் சட்டத்தில் பொருத்தலாம். சின்னக் கூடு துத்தநாக வார்ப்பாக இருந்து, அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் விழுந்திருந்தால் அதற்குப் புதுசுதான் நியாயம். ஒவ்வொரு குழியையும் துளையிட்டுச் சுத்தம் செய்து, செம்பு ஏற்றி, சாலிடரால் நிரப்ப வேண்டும். அரிய வண்டிகளுக்கு அதைச் செய்திருக்கிறேன், எம்ஜிபிக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

பூச்சுக்குப் போகும் முன் ஒருமுறை வெறும் உலோகத்தில், நிமிர்த்திய சட்டத்தை வண்டியில் மாட்டிப் பாருங்கள். பானெட்டை மூடி இடைவெளியைப் பாருங்கள். பூசின பிறகு வளைத்தால் நிக்கல் வெடிக்கும். திருகுமரைகளை மூடிப் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நட்டு ஏறாது.

வேலை முடிந்து வாங்கும்போது முன்பக்கத்தைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள், உள் மூலைகளைப் பாருங்கள். குரோம் மின்சாரத்தின் பின்னால் போகும், மின்சாரம் விளிம்புகளைத் தேடிப் போகும், பள்ளங்களுக்குள் தானாக நுழையாது. சிக்ரியில் ஹல் செல்லில் (பூச்சுக் கரைசலைச் சோதிக்கும் சின்னத் தொட்டி) ஒரு சின்னத் தகட்டை முக்கி எடுத்த முதல் நாள் இதைப் பார்த்தேன்: ஒரு முனை கருகிச் சாம்பலாக, நடு கண்ணாடியாக, மறுமுனையில் குரோமே இல்லாமல். கிரில் சட்டத்தின் உள் மூலையும் அந்த மறுமுனை மாதிரிதான். வெள்ளைத் தாளைப் பக்கத்தில் பிடியுங்கள். மூலை மஞ்சளாகத் தெரிந்தால் அங்கே நிக்கல் மட்டும்தான் இருக்கிறது, சில மாதத்தில் மங்கும். துணை ஆனோடு (மூலைக்குள் மின்சாரம் போக உதவும் கூடுதல் மின்முனை) வைத்து மறுபடி செய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

மாட்டும்போது மடிப்புகளுக்குள் மெழுகு வகைத் துருத்தடுப்பியைப் பீய்ச்சுங்கள். அலுமினியப் பட்டை இரும்பைத் தொடும் இடங்களிலும் தடவுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கும். குளிர்காலத்தில் உப்புப் போட்ட சாலையில் ஓட்டினால் அன்றைக்கே கீழ் விளிம்பைத் தண்ணீர் விட்டு அலசிவிடுங்கள்.

இவ்வளவும் நீங்கள் எழுதியதை வைத்துச் சொன்னது. படத்தில் பளபளப்பு தெரியும், உலோகம் தெரியாது. இந்த வார இறுதியில் காந்தம் வைத்துப் பார்த்துவிட்டு, சட்டம், பட்டை, கூடு மூன்றும் தனித்தனியே என்ன சொல்கின்றன என்று எழுதுங்கள். கீழ் விளிம்பின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.